இருபத்து நான்கு செப்பு அச்சுகளும் கார் து நோர் நிலையமும்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே என் பெட்டி கதவோரம் தயாராக நின்றது. விமானம் பிற்பகல் மூன்று பத்துக்குத்தான். பாரிசின் லா சப்பலில் நான் தங்கியிருந்த வீட்டிலிருந்து கார் து நோர் ரயில் நிலையம் நடந்து போனால் பத்து நிமிடம். அங்கிருந்து சார்ல் து கோல் விமான நிலையத்துக்கு ஆர்.இ.ஆர். ‘பி’ ரயிலில் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினாலும் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் என்னிடம் ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளால் மூன்று இரவாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

தூத்துக்குடியில் நானும் என் வீட்டுக்காரரும் பேக்கரி வைத்திருக்கிறோம். மக்ரூன், ரஸ்க், பன், பிறந்தநாள் கேக். பாரிசுக்கு வெளியே வில்பான்த் அரங்கில் நடந்த அடுமனை இயந்திரக் கண்காட்சியைப் பார்க்கத்தான் வந்தேன். கூட வருவதாக இருந்த நாசரேத் பேக்கரிக்காரருக்கு விசா கிடைக்கவில்லை. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, தனியாகவே வந்துவிட்டேன். எனக்கு வயது நாற்பத்து நான்கு. அதற்கு முன் தனியாகப் போன நீளமான பயணம் சென்னை வரைதான்.

தங்கியது சுகந்தி அக்கா வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், இருபத்தேழு வருடமாக லா சப்பலில் இருக்கிறார், பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை. ரூ காய் தெருவில் மளிகைக்கடைகளும் புடவைக்கடைகளும் முடியும் இடத்தில், நாலாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஓர் அறையை வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து யூரோ, காலையில் இடியப்பமும் சொதியும் அதில் அடக்கம்.

செவ்வாய்க்கிழமைதான் அந்தச் சாமானை வாங்கினேன். லா சப்பலில் மெட்ரோ ஏறி, பார்பேஸ் நிலையத்தில் நாலாம் எண் பாதைக்கு மாறி, லே ஆல் பகுதியில் இறங்கினால் சமையல்காரர்களுக்கான பாத்திரக் கடைகள் இருக்கின்றன. டிக்கெட் இரண்டரை யூரோ. கண்காட்சியில் நான் முதல் முறையாகச் சாப்பிட்ட ‘கானெலே’ என்ற பலகாரம் தலைக்குள் புகுந்துவிட்டிருந்தது. வெளியே கருப்பட்டி நிறத்தில் மொறுமொறுப்பு, உள்ளே கட்டித் தயிர் மாதிரி மெதுமெதுப்பு. அதைச் சுடத் தனியான செப்பு அச்சு வேண்டும். கைக்கு அடங்கும் உயரம், ஓரமெல்லாம் வரி வரியாக மடிப்பு, உள்ளே ஈயப்பூச்சு. ஒன்று பதினான்கு யூரோ தொண்ணூறு சென்ட். இருபத்து நான்கு எடுத்தேன். கூடவே, நீளமான கம்பியும் ஒயரும் வைத்த ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று, நாற்பத்தொன்றரை யூரோ. மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது யூரோ பத்து சென்ட்.

பணம் வாங்கியவர் என் முகத்தைப் பார்த்து, ஆங்கிலத்தில், “டூரிஸ்ட்டா? பாஸ்போர்ட் இருக்கிறதா?” என்றார். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர் ஒரே கடையில் நூறு யூரோவுக்கு மேல் வாங்கினால், விற்பனை வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்குமாம். எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியது நாற்பத்தேழு யூரோ எண்பது சென்ட். பாஸ்போர்ட்டோ சுகந்தி அக்கா வீட்டு அலமாரியில். திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். கடைக்காரர் கட்டங்கள் நிறைந்த ஒரு தாளை அச்சடித்து, கையெழுத்து வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக் காட்டினார். விமான நிலையத்தில் பெட்டியைப் போடுவதற்கு முன்னால் சுங்க இயந்திரத்தில் இந்தத் தாளைக் காட்ட வேண்டும். சாமான் கையில் இருக்க வேண்டும். புதிதாக, பயன்படுத்தாததாக இருக்க வேண்டும். கேட்டால் திறந்து காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால்? அவர் உதட்டைப் பிதுக்கித் தோளைக் குலுக்கினார்.

அந்தத் தோள் குலுக்கல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அச்சு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேனே, கைரேகை பட்டால் பயன்படுத்தியது என்பார்களா? இயந்திரம் சிவப்பு காட்டினால் என்ன செய்வது? ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. தெரிந்த ஒரே வார்த்தை என் பெயர்தான். பாஸ்போர்ட்டில் மெர்சி ஜெயந்தி. வந்த முதல் நாள் கடைகளில் எல்லோரும் “மெர்சி, மெர்சி” என்று நன்றி சொன்னபோது ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன்.

பதினொரு மணிக்கு சுகந்தி அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

“தெத்தாக்ஸ் பேப்பரை, அந்த வரிப் பேப்பரை, பாஸ்போர்ட்டோடை சேர்த்து வையுங்கோ. சாமானைப் பெட்டிக்கை போடேல்லைத்தானே?”

“இல்லக்கா. தனியாத்தான் வச்சிருக்கேன்.” துணிப்பையைத் தூக்கிக் காட்டினேன். ஐந்து கிலோ கனத்தது.

“ஓம், அதுதான் சரி. கேட்டா உடனை காட்ட வேணும். காட்ட இல்லாட்டி தண்டம் கட்டச் சொல்லுவாங்கள். இஞ்சை பேப்பர் விசயத்திலை விளையாட ஏலாது.”

தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். நான் தாள் இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்துக்கொண்டேன். நிலையத்தின் வாசலில் என் இரண்டு கையையும் பிடித்து, “போய்ச் சேர்ந்த உடனை மெசேஜ் போடுங்கோ. எனக்குப் பிள்ளையளுக்குச் சாப்பாடு போடுற நேரமாகுது” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்து போனார். மணி பதினொன்று பத்து.

கார் து நோர் நிலையத்தின் கீழ்த்தளம் முழுக்க ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நடப்பவர் எவரையும் நான் பார்க்கவில்லை. டிக்கெட் இயந்திரத்தின் முன் வரிசையில் நின்றேன். விமான நிலையத்துக்கு டிக்கெட் பதின்மூன்று யூரோ. என் கார்டை இயந்திரம் முதல் தடவை ஏற்கவில்லை. இரண்டாம் தடவையும் ஏற்கவில்லை. பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, கைப்பையைத் திறந்து வேறு கார்டைத் தேடி எடுத்தேன். இயந்திரம் டிக்கெட்டைத் துப்பியது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் பாஸ்போர்ட்டும் தாளும் வைத்த நீல உறை. பெட்டியோடு வருபவர்களுக்கான அகலக் கதவைத் தேடி ஓடி, நுழைந்து, நகரும் படியில் இறங்கினேன்.

நடைமேடையில் ரயில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஏறி வாசலோரமாக நின்றேன். ஐந்து நிமிடம் ஆயிற்று, ரயில் நகரவில்லை. பத்து நிமிடம். பதினொன்று முப்பத்தைந்துக்கு ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் பேசியது. ரயில் பெட்டிக்குள் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ‘ப்ப்ப்’ என்று காற்றை ஊதினார்கள். சிலர் இறங்கினார்கள். எனக்கு எதிரே நின்ற மனிதர் போனில் தமிழில் பேசினார். “இண்டைக்கும் பிந்தும். நீ சாப்பிடு.” ஐம்பது வயது இருக்கும், கையில் வேலை உடுப்புப் பொதி.

“அண்ணே, என்ன சொல்றாங்க?” என்றேன்.

தமிழ் கேட்டதும் அவர் முகம் விரிந்தது. “இந்தியாவோ? ஆரோ பொதியொண்டை மேலை விட்டிட்டுப் போட்டினம். இனி பொலிஸ் வர வேணும், மோப்ப நாய் வர வேணும், பாத்து முடிக்க வேணும். அதுவரைக்கும் ஒரு ட்ரெயினும் ஓடாது.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அரை மணித்தியாலம். சிலவேளை ஒண்டரை. கிழமைக்கு ரெண்டு தரம் நடக்கிற கூத்து.”

“எனக்கு ஃப்ளைட் இருக்குண்ணே. கொஞ்சம்கூடப் பொறுப்பில்லாம எப்படித்தான் விட்டுட்டுப் போறாங்களோ.”

“விசர்ச் சனம்” என்றார் அவர்.

நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிய வேகத்தில் கையில் இருந்த நீல உறை நழுவியது. அதைப் பிடிக்க வலது கையைத் தூக்கினேன். அந்தக் கையில் உறையைத் தவிர வேறு எதுவும் தொங்கவில்லை.

இடது கையில் பெட்டி. தோளில் கைப்பை. வலது கையில் உறை. மறுபடியும் பார்த்தேன். காலடியில் பார்த்தேன். பெட்டிக்குப் பின்னால் பார்த்தேன். டிக்கெட் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சின்ன இடுக்கு கண் முன்னால் வந்து நின்றது.

“அண்ணே” என்றேன். “அது என் பைண்ணே.”

அவர் முதலில் புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து மெல்லிய குரலில் பேசினார். “சத்தம் போடாதேங்கோ. உள்ளுக்கை என்ன?”

“கேக் அச்சு. இங்க வாங்கினது.”

“பாஸ்போர்ட்?”

“இங்கதான் இருக்கு.”

“அப்ப பேசாமல் நில்லுங்கோ, தங்கச்சி. போய்ச் சொன்னியள் எண்டா பிடிச்சு வைச்சு விசாரிப்பினம். பிளேன் போயிடும். சாமான் போனாப் போகட்டும். ஆருக்குத் தெரியும் உங்கடை எண்டு?”

நான் பேசாமல் நின்றேன். எழுதும்போது இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் நடந்தது அதுதான். ஐந்து நிமிடம், ஒருவேளை அதற்கு மேலும், அந்த ரயிலில் ஒன்றும் தெரியாதவள் போல நின்றேன். அச்சுகள் போகட்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். உறையில் இருக்கும் தாளைக் கிழித்துவிடலாமா என்றும் நினைத்தேன். கூடவே பயம் வேறு பக்கமிருந்து வந்தது. கடை ரசீதின் நகல் ஒன்றைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். அதில் என் பெயர், பாஸ்போர்ட் எண். விமான நிலையத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்த ஊரிலேயே என் பெயர் எல்லார் வாயிலும் இருக்கிறது.

நடைமேடையில் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். புழுக்கம். என் கதவுக்கு நேரே, சுவரில் சாய்ந்து ஓர் ஆப்பிரிக்கப் பெண் நின்றிருந்தாள். பளிச்சென்ற மஞ்சள் உடை. இரண்டு கையாலும் ஒரு வெள்ளை அட்டைப்பெட்டியைச் சரியாமல் ஏந்தியிருந்தாள், மேலே ரிப்பன். நிமிடத்துக்கொரு முறை மூடியை ஒரு விரலால் தூக்கி உள்ளே பார்த்தாள், மூடினாள். பெட்டியின் அடியில் ஈரம் பரவத் தொடங்கியிருந்தது. கிரீம் கேக். இருபது வருடமாகக் கேக் கட்டிக் கொடுக்கிறேன். இந்த வெக்கையில் அது இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் பூக்கள் சரியும், அப்புறம் எழுதியிருக்கும் பெயர் வழியும்.

நான் ரயிலிலிருந்து இறங்கினேன்.

“போகாதேங்கோ தங்கச்சி” என்றார் அந்த அண்ணன் பின்னாலிருந்து. நகரும் படி நிறுத்தப்பட்டிருந்தது. இருபத்திரண்டு கிலோ பெட்டியைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு ஏறினேன். பாதியில் பெட்டி திடீரென்று லேசாயிற்று. திரும்பினால் அவர் அடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

மேலே சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். அதற்கு அப்பால் கூடம் காலி. அரை மணி நேரத்துக்கு முன் என்னை இடித்துத் தள்ளிய கூட்டம் இருந்த இடத்தில் ஒரு மனிதர் இல்லை. துப்பாக்கி ஏந்திய மூன்று ராணுவத்தினர் தூணருகே நின்றார்கள். தூரத்தில், டிக்கெட் இயந்திரத்தின் ஓரத்தில், பச்சைக் கரை போட்ட என் துணிப்பை. தூத்துக்குடி ஜவுளிக்கடையில் சும்மா கொடுத்த பை.

நாடாவுக்கு முன் நின்ற பெண் போலீஸ் கையைத் தூக்கித் தடுத்தார். “மை பேக்” என்றேன். “சாரி. மை பேக்.” என் கை தானாகப் பையைச் சுட்டிக் காட்டியது. அவர் வாக்கி டாக்கியில் இரண்டு சொல் பேசினார். இன்னொருவர் வந்து எங்கள் இரண்டு பேரையும் சுவரோரம் நிறுத்தினார். பாஸ்போர்ட்டை வாங்கினார்கள். அண்ணனிடமும் அடையாள அட்டை கேட்டார்கள். அவர் பர்ஸை இரண்டு தடவை துழாவி எடுத்துக் கொடுத்தார்.

“உள்ளுக்கை என்ன எண்டு கேக்கிறா” என்றார் என்னிடம்.

“செப்பு அச்சுண்ணே, இருபத்து நாலு. ஒரு தெர்மாமீட்டர், ஒயர் வச்சது.”

அவர் மொழிபெயர்த்தார். அதில் ‘தியூப்’ என்ற சொல் என் காதில் விழுந்தது. போலீஸ்காரியின் முகம் அப்படியே இறுகியது. கை வாக்கி டாக்கிக்குப் போயிற்று.

“அண்ணே! நீங்க என்ன சொன்னீங்க?”

“செப்புக் குழாய் இருபத்து நாலு, வயர் பூட்டினது எண்டு.”

“குழாய் இல்லண்ணே! அச்சு! கேக் மாவு ஊத்துற அச்சு!”

“அச்சுக்கு என்ன பிரெஞ்சு எண்டு எனக்குத் தெரியேல்லை!” அவரும் கத்தினார். “நான் ரெஸ்ரோரன்ற் குசினியிலை கோப்பை கழுவுற ஆள்!”

அப்போதுதான் நீல உறை ஞாபகம் வந்தது. வரி மீட்புத் தாளை உருவி அந்தப் போலீஸ்காரியின் முன்னால் நீட்டினேன். கடையின் முத்திரை, என் பெயர், கீழே சாமான் பட்டியல். அவர் விரல் வைத்து வாசித்தார். “முல் அ கானெலே. வான்கத்ர்.” கானெலே அச்சு இருபத்து நான்கு என்றுதான் அதில் இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “கானெலே?”

“கானெலே! எஸ்! கானெலே!” என்று கத்தியேவிட்டேன். “பேக்கரி! ஐ ஆம் பேக்கரி!”

“முல் எண்டா மட்டி எல்லோ” என்று அண்ணன் தனக்குள் முணுமுணுத்தார். “கடல் மட்டி. அதுக்கும் இதுக்கும் ஒரே சொல்லோ.” பிறகு போலீஸ்காரியிடம் நீளமாக ஏதோ விளக்கினார். இந்த முறை கையாலும் காட்டினார்: மாவு ஊற்றுவது, அடுப்பில் வைப்பது, கவிழ்ப்பது.

அவர்கள் நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. நம்பாமலும் இல்லை. ஆனால் நாய் வந்தே ஆக வேண்டுமாம். நின்றோம். மணி பன்னிரண்டு. பன்னிரண்டு ஐந்து. என் விமானத்துக்குப் பெட்டி போடும் நேரம் இரண்டு பத்துக்கு முடிகிறது. நாடாவுக்கு அந்தப் பக்கம் கூட்டம் கூடி எங்களைப் பார்த்தது. யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். தூத்துக்குடியில் என் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்களா என்று நினைத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பன்னிரண்டு பத்துக்கு ஒரு கறுப்பு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அது பையை ஒரு சுற்றுச் சுற்றியது. மூக்கை உள்ளே விட்டது. பிறகு ஆர்வமே இல்லாமல் திரும்பி நடந்தது. எந்த வாடிக்கையாளர் என் கடைச் சரக்கை அப்படி ஒதுக்கிவிட்டுப் போனாலும் இனி எனக்கு வருத்தம் வராது.

அதற்கப்புறம் என்னையே திறக்கச் சொன்னார்கள். காலிக் கூடத்தின் குறுக்கே அந்தப் போலீஸ்காரியோடு நடந்தேன். என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. மண்டியிட்டு உட்கார்ந்து, செய்தித்தாளில் சுற்றிய அச்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் அடுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினேழாவது கை நழுவி உருண்டு ஓடியது. செம்பு கல்தரையில் எழுப்பிய சத்தத்துக்கு ராணுவத்தினர் திரும்பிப் பார்த்தார்கள். போலீஸ்காரி குனிந்து எடுத்துக் கொடுத்தார். இருபத்து நான்கும் வரிசையாக நின்றபோது, அவர் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

நாடாவுக்கு அப்பால் நின்ற அண்ணன் சத்தமாகச் சொன்னார். “பையை விட்டிட்டுப் போற சனம் திரும்பி வாறது குறைவாம். நீங்கள் ஏன் வந்தனீங்கள் எண்டு கேக்கிறா.”

“கீழ ஒரு அம்மா கேக் வச்சிருக்காங்கண்ணே. ரயில் போகலைன்னா அது கெட்டுப் போயிரும்.”

அண்ணன் மொழிபெயர்த்தார். போலீஸ்காரி சிரிக்கவில்லை. என் பாஸ்போர்ட் விவரங்களைக் குறித்துக்கொண்டார். இதற்குத் தண்டம் போடலாம், இந்த முறை போடவில்லை, இனி பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். கடைசியாக “மெர்சி” என்றார். பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயர் சொன்னாரா, நன்றி சொன்னாரா என்று இன்று வரை தெரியவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்கு முதல் ரயில் நகர்ந்தது. நிற்கக்கூட இடமில்லை. மஞ்சள் உடைப் பெண்ணைத் தேடினேன், காணவில்லை. வேறு பெட்டியில் ஏறியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். ரயில் எல்லா நிலையத்திலும் நின்று நின்று போயிற்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் மணி பார்த்தேன்.

அண்ணனின் பெயர் ரவீந்திரன். லா சப்பலில் ஓர் உணவகத்தில் அதிகாலை வேலை முடித்து, லெ பிளாங்-மெனிலில் இருக்கும் வீட்டுக்குப் போகிறார். “நான் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துப் பதினொரு வருசம்” என்றார். “எண்டாலும் பொலிசைக் கண்டா கால் தன்ரை பாட்டிலை நடுங்கும். வந்த புதுசிலை ஆறு வருசம் பேப்பர் இல்லை. இந்த ஸ்டேசன் படியிலை எட்டி எட்டிப் பாத்துத்தான் இறங்கிறனான். பொலிஸ் சட்டை கண்ணிலை பட்டா, திரும்பி நடந்தே போயிடுவன்.”

“அப்புறம் ஏன்ணே மேல வந்தீங்க?”

“உங்களுக்கு ஒரு சொல் பிரெஞ்சு தெரியாது. போய் என்னத்தைச் சொல்லப் போறியள் எண்டு நினைச்சன்.” அவர் தலையைச் சொறிந்தார். “பிறகு பாத்தா, நான் போய்க் குழாய் எண்டு சொல்லிப்போட்டன்.”

இரண்டு பேருக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது. எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. லெ பிளாங்-மெனிலில் அவர் இறங்கினார். கதவு மூடும் வரை, ஆள்காட்டி விரலால் என் துணிப்பையைச் சுட்டிக் காட்டிக்கொண்டே நின்றார்.

ஒன்று முப்பதுக்கு விமான நிலையம். வரி மீட்பு இயந்திரங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எட்டு நிமிடம். அங்கே நீண்ட வரிசை. ஒரு சுற்றுலாக் குழு முழுவதும் பெரிய பெரிய கடைப்பைகளோடு நின்றது. மூன்று இயந்திரங்களில் ஒன்று வேலை செய்யவில்லை. பக்கத்தில் சுங்க அதிகாரியின் ஜன்னலில் ஒருவர் தன் பெட்டியைத் திறந்து வைத்துக் கைக்கடிகாரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. என் அச்சுகளும் கசங்கிய செய்தித்தாளில் அரைகுறையாகத்தான் கிடந்தன, ஒன்றில் நெளிவு வேறு விழுந்திருந்தது. புதுச் சாமான் என்று எப்படிச் சொல்வேன்? மணி ஒன்று ஐம்பத்தாறு. இன்னும் ஐந்து பேர். இரண்டு மணி. விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று இரண்டு தடவை வரிசையிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தேன்.

என் முறை வந்தது. தாளில் இருந்த பார்கோடை இயந்திரத்தின் கண்ணாடிக்கு முன் பிடித்தேன். திரை பச்சையாயிற்று, ஏற்கப்பட்டது என்று வாசகம் வந்தது, அவ்வளவுதான். நான்கு விநாடி இருக்கும். யாரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை, யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. மூன்று இரவு நான் விழித்திருந்தது இந்த நான்கு விநாடிக்காக. கார் து நோர் நிலையத்துக்காக ஒரு நிமிடம்கூட நான் கவலைப்பட்டிருக்கவில்லை.

இரண்டு ஆறுக்குப் பெட்டியைப் போட்டேன். பாதுகாப்புச் சோதனையில் துணிப்பையை மறுபடியும் நிறுத்தினார்கள். திரையில் இருபத்து நான்கு உருளைகள் தெரிந்திருக்கும். இந்த முறை யாரும் கேட்பதற்கு முன்னாலேயே “முல் அ கானெலே” என்றேன். அந்த இளைஞர் ஓர் அச்சை எடுத்துப் பார்த்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி அனுப்பினார். வரியில்லாக் கடைகளின் வாசனைத் தைலத்துக்கும் சாக்லேட் மலைகளுக்கும் நடுவே நடந்து போனேன். எதையும் வாங்கும் தெம்பு இல்லை. சுகந்தி அக்காவுக்கு, “எல்லாம் சரி, உள்ளே வந்துவிட்டேன்” என்று மட்டும் செய்தி அனுப்பினேன்.

சென்னையில் சுங்க அதிகாரி ஒருவர், “என்னம்மா பையில?” என்றார். “கேக் அச்சு சார்.” “போங்க.”

வரிப் பணம் ஒரு மாதம் கழித்து கார்டில் வந்து சேர்ந்தது. கானெலேயில் முதல் இரண்டு தடவை அடி கருகியது, மூன்றாவது தடவை வீட்டுக்காரர் மூன்று சாப்பிட்டார். ஊருக்கு வந்து பத்து நாள் இருக்கும், திருச்செந்தூர் போகும் பேருந்தில் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, ஆள் இல்லை. பேருந்து கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

“யாரு கூடை இது?” என்றார் நடத்துநர். மறுபடியும் கேட்டார். “கூடைக்கு ஆள் இருக்கா இல்லையா?”

ஒருவரும் அசையவில்லை. சன்னலோரம் இருந்த அம்மா கூடையைத் தன் பக்கம் சர்வசாதாரணமாக நகர்த்திவிட்டு, காலியான இடத்தில் தன் பேரனை உட்கார வைத்தார். பையன் கூடையின் மேல் காலை வைத்துக்கொண்டு முறுக்குத் தின்றான். எங்கள் ஊரில் ஆளில்லாத பை என்றால் அது யாரோ ஒருவருடைய பை, அவ்வளவுதான். அங்கே அதை அப்படி நினைக்க முடியாமல் போனதற்கு அவர்களுக்கு என்ன காரணங்கள் இருந்தன என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் தெரிந்துகொண்டு வந்தவளுக்கு உட்கார முடியவில்லை. எழுந்து நின்று வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர்ப் பாட்டிலோடு ஓர் ஆள் ஓடி வந்து படியில் தொற்றிக்கொண்டு, “அந்தக் கூடை என்னோடதுங்க” என்றார். நடத்துநர் விசில் அடித்தார். நான் உட்கார்ந்தேன். பேருந்து ஆற்றுப் பாலம் தாண்டிய பிறகுதான், இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.